யோசிக்க எத்தனை நிமிடம்?

அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி வெள்ளை மாளிகை வரை போனவர் தியாகராய நகர்க்காரர். இந்தியாவின் அணு ஆயுதக் கொள்கையை வரைந்த குழுவின் தலைவரும், பொக்ரான் குண்டுகளின் வடிவமைப்பில் முன்னின்ற விஞ்ஞானியும் மெரினா மாநிலக் கல்லூரியில் படித்தவர்கள். எதிரெதிர் பக்கங்களில் நின்ற இவர்கள் நமக்கு விட்டுச்சென்ற பாடம் ஒன்றுதான்: முடிவெடுக்கும் முன் யோசிக்க அவகாசம் வேண்டும். புதிய போர்த் தொழில்நுட்பம் அந்த அவகாசத்தை வேகமாக அழித்துக்கொண்டிருக்கிறது.

1942 ஏப்ரலில் சென்னை காலியானது.

5-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு வீசின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் அடிவாங்கின. 9-ஆம் தேதி திருகோணமலை. அடுத்தது மதராஸ்தான் என்று ஊரே நம்பியது. ஜப்பானியக் கப்பற்படை சென்னையை நோக்கி வருவதாகக் கோட்டைக்குத் தகவல் எட்டியதும் ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் நிர்வாகம் மூட்டை கட்டியது. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. அரசு அலுவலகங்கள் ஊட்டி, மதனப்பள்ளி, சித்தூர் என்று பிரிந்தன. குண்டு விழுந்து கூண்டு உடைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், மிருகக்காட்சிசாலையில் இருந்த சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். மயிலாப்பூரிலும், அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்த தியாகராய நகரிலும், வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஜனங்கள் சொந்த ஊருக்கு ரயில் ஏறினார்கள்.

கப்பற்படை வரவில்லை. கிடைத்த தகவல் தப்பு. சில மாதங்களில் போனவர்கள் திரும்பி வந்தார்கள், கடைகள் திறந்தன, கோர்ட் கூடியது. அந்த விலங்குகளைத் தவிர, பீதியில் பறிபோன எல்லாவற்றையும் திரும்பப் பெற முடிந்தது. தகவல் தப்பு என்று தெரிந்துகொள்ள நகரத்துக்கு நாட்கணக்கில் நேரம் இருந்ததுதான் காரணம்.

இன்றைய கணக்கைப் பாருங்கள். 2015 மார்ச்சில் பாகிஸ்தான் சோதித்த ஷாஹீன்-3 ஏவுகணை 2,750 கிலோமீட்டர் பாயும். கராச்சியிலிருந்து சென்னை ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைக் கடக்க அப்படிப்பட்ட ஏவுகணைக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. தில்லிக்கும் லாகூருக்கும் இன்னும் குறைவு. ரேடாரில் தெரிவது நிஜமா, கோளாறா என்று சரிபார்த்து, பிரதமரை எழுப்பி, பதில் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க, அதில் மிஞ்சுவது சில நிமிடங்கள்.

எண்பது ஆண்டுகளாக வல்லரசுகளுக்கு இடையே அணு ஆயுதப் போர் மூளாமல் இருப்பதற்குக் குண்டின் பலம்தான் காரணம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. அதிர்ஷ்டம் என்கிறது இன்னொரு தரப்பு. வரலாற்றைப் புரட்டினால் இரண்டுக்கும் நடுவே இன்னொன்று தெரிகிறது. நெருக்கடி வந்தபோதெல்லாம் யாரோ ஒருவர் நின்று யோசித்தார். அப்படி யோசிக்க அவருக்கு நேரம் இருந்தது. குண்டு பயத்தைத்தான் தரும். அந்தப் பயம் புத்தியாக மாறுவதற்கு அவகாசம் வேண்டும்.

பசுல்லா சாலையிலிருந்து வாஷிங்டனுக்கு

1954 மார்ச் 1-ஆம் தேதி பசிபிக் கடலில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. அதன் வலிமை 15 மெகாடன், ஹிரோஷிமா குண்டைப்போல ஆயிரம் மடங்கு. கதிரியக்கச் சாம்பல் மார்ஷல் தீவுகளின் மக்கள்மேலும், மீன் பிடிக்க வந்திருந்த ஜப்பானியப் படகு ஒன்றின்மேலும் கொட்டியது. ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 2-ஆம் தேதி, சோதனைகளை அப்படியே நிறுத்திவைக்கும்படி நேரு மக்களவையில் கோரினார். அதே ஆண்டு ராஜாஜி என்ற சி. ராஜகோபாலாச்சாரி நியூயார்க் டைம்ஸுக்குக் கடிதம் எழுதினார். எதிரி கைவிட்ட பிறகு நான் கைவிடுகிறேன் என்று காத்திருந்தால் யாரும் கைவிடப்போவதில்லை, பலசாலி முதலில் கைவிட வேண்டும் என்பது அவர் வாதம். அதன் பிறகு அவர் இதை விடவே இல்லை. சுயராஜ்யா இதழில் எழுதினார், மேடையில் பேசினார், வல்லரசுத் தலைவர்களுக்குக் கடிதம் போட்டார்.

1962-இல் அவரும் நேருவும் அரசியலில் இரு துருவங்கள். ராஜாஜியின் சுதந்திரா கட்சி அந்த ஆண்டுத் தேர்தலில் மக்களவைக்குள் நுழைந்திருந்தது. காங்கிரஸின் பெர்மிட் ராஜ்ஜியத்தை ராஜாஜி வாரந்தோறும் கிழித்துக்கொண்டிருந்தார். ஆனால் குண்டு விஷயத்தில் இருவருக்கும் பகை கிடையாது. ஜூன் மாதம் தில்லியில் காந்தி சமாதான நிறுவனம் அணு ஆயுத எதிர்ப்பு மாநாடு நடத்தியது. வல்லரசுகளிடம் நேரில் போய்ப் பேச ஒரு தூதுக்குழு அனுப்புவது என்று முடிவானது. ஆர்.ஆர். திவாகரும் பி. சிவராவும் உடன் வர, தியாகராய நகர் பசுல்லா சாலை வீட்டிலிருந்து ராஜாஜி கிளம்பினார். அப்போது அவருக்கு வயது 83. மேற்கத்திய நாடுகளுக்கு அவர் போனது அந்த ஒரு முறைதான்.

செப்டம்பர் 28-ஆம் தேதி வெள்ளை மாளிகையில் ஜான் கென்னடியைச் சந்தித்தார். எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு 45 வயது. ஒதுக்கியிருந்த நேரத்தைத் தாண்டிப் பேச்சு நீண்டது. ராஜாஜி கேட்டது பெரிய கனவு எதுவும் இல்லை. எல்லா ஆயுதங்களையும் நாளைக்கே உடைத்துப் போடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. சோதனையை நிறுத்துங்கள் என்றார். குண்டு வெடித்துக் கிளம்பும் நஞ்சு, சண்டையில் சம்பந்தமே இல்லாத ஊர்க் குழந்தைகளின் பாலிலும் எலும்பிலும் சேர்கிறது. அதைச் செய்யும் உரிமை எந்த நாட்டுக்கும் கிடையாது. மற்றது எல்லாம் பேச்சுவார்த்தையில் பார்த்துக்கொள்ளலாம், இது உடனே நடக்க வேண்டும். ஒரு வழக்கறிஞரின் கச்சிதத்தோடு வைக்கப்பட்ட வாதம் அது.

பதினெட்டு நாள் கழித்து, அக்டோபர் 16-ஆம் தேதி காலை, கியூபாவில் சோவியத் ஏவுகணைத் தளங்கள் முளைத்திருக்கும் படங்கள் கென்னடியின் மேஜைக்கு வந்தன.

ஆறு நாள்

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்களில் பலருக்கு முதலில் தோன்றிய யோசனை விமானத் தாக்குதல். ராணுவத் தளபதிகள் அதையே வற்புறுத்தினார்கள். உடனே முடிவெடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்திருந்தால் அதுதான் நடந்திருக்கும். ஆனால் அமெரிக்காவுக்குத் தெரிந்துவிட்டது என்பது மாஸ்கோவுக்குத் தெரியாது. ஆகவே கென்னடிக்கு ஆறு நாள் கிடைத்தது. மூடிய கதவுக்குள் ஆலோசகர்கள் சண்டை போட்டார்கள், மனம் மாறினார்கள், சொன்னதைத் திரும்பப் பெற்றார்கள். அக்டோபர் 22-ஆம் தேதி அவர் தொலைக்காட்சியில் தோன்றியபோது அறிவித்தது கடல் முற்றுகையை. அக்டோபர் 28-இல் சிக்கல் அவிழ்ந்தது.

அதற்கு முந்தைய நாள் கடலுக்கடியில் நடந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. அமெரிக்கக் கப்பல்களின் வெடிகளால் அலைக்கழிந்த சோவியத் நீர்மூழ்கி பி-59 இல் அணு ஆயுதம் பொருத்திய டார்பிடோ ஒன்று இருந்தது. மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. போர் தொடங்கிவிட்டது என்று நினைத்த கேப்டன் அதை ஏவத் தயாரானார். உடனிருந்த அதிகாரி வசீலி அர்கிபோவ் மறுத்தார், வாதாடினார், கேப்டனைத் தணித்தார். நீர்மூழ்கி மேலே எழும்பியது. வெந்துகொண்டிருந்த அந்த இரும்புக் கூட்டுக்குள் ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் பேச அவகாசம் இருந்தது. நாமெல்லாம் பிழைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நெருக்கடி முடிந்ததும் இரு வல்லரசுகளும் செய்த முதல் காரியங்களில் ஒன்று, 1963 ஜூனில் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடித் தகவல் இணைப்பு போட ஒப்பந்தம் செய்தது. ஆகஸ்ட் 5-ஆம் தேதி வான்வெளி, விண்வெளி, கடலடிச் சோதனைகளைத் தடை செய்யும் ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்றே நாளில் இந்தியாவும் கையெழுத்திட்டது. ராஜாஜியால்தான் அது நடந்தது என்று சொல்ல மாட்டேன். உலகெங்கும் தாய்மார்கள், மருத்துவர்கள், விஞ்ஞானிகள் எழுப்பிய குரலில் பசுல்லா சாலையின் குரலும் ஒன்று. ஆனால் அவர் பிடித்துக்கொண்ட அந்தச் சின்ன, திட்டவட்டமான, செய்யக்கூடிய கோரிக்கைதான் கடைசியில் ஒப்பந்தமானது. இதை நாம் மறந்துவிட்டோம்.

மெரினாவைப் பார்த்த கல்லூரி

ராஜாஜியும் ஒரு காலத்தில் மாநிலக் கல்லூரி மாணவர்தான். அவர் படித்து அரை நூற்றாண்டு கழித்து அதே சிவப்புக் கட்டடத்தில் வேதியியல் படித்தார் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம். 1951-இல் ஐ.ஏ.எஸ். தமிழ்நாட்டுப் பிரிவு. பின்னர் தில்லியில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர். சீனா 1964 அக்டோபர் 16-இல் குண்டு வெடித்த பிறகு, இந்தியாவுக்கும் அணு ஆயுதம் வேண்டும் என்று சளைக்காமல் எழுதியவர். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடக் கூடாது என்று வாதிட்டவர். ராஜாஜிக்கு நேர் எதிர்த் தரப்பு.

ஆனால் 1999 ஆகஸ்ட் 17-இல் வெளியான அணு ஆயுதக் கொள்கை வரைவை எடுத்துப் பாருங்கள். அதை எழுதிய தேசியப் பாதுகாப்பு ஆலோசனை வாரியத்துக்கு அவர்தான் ஒருங்கிணைப்பாளர். முதலில் பயன்படுத்த மாட்டோம். எதிரி நம்பும் அளவுக்கு மட்டும், குறைந்தபட்சமாக வைத்துக்கொள்வோம். பொத்தான் ராணுவத்தின் கையில் இருக்காது, மக்கள் தேர்ந்தெடுத்த தலைமையிடம்தான் இருக்கும். 2003 ஜனவரி 4-இல் அமைச்சரவைக் குழு அறிவித்த இறுதிக் கொள்கையும் இந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. ரசாயன, உயிரியல் ஆயுதத் தாக்குதலுக்கு மட்டும் ஒரு விலக்கு சேர்ந்தது. செங்கல்பட்டில் பிறந்து ராணுவத் தளபதியான கிருஷ்ணசாமி சுந்தர்ஜியும் இதே வழியில் யோசித்தவர். அணு ஆயுதம் போரிட அல்ல, எண்ணிக்கையைப் பெருக்கிக்கொண்டே போவதும் வீண் என்று எழுதினார்.

'முதலில் பயன்படுத்த மாட்டோம்' என்பதைச் சிலர் காந்தி தேசத்தின் நல்லெண்ணம் என்று பார்க்கிறார்கள். சிலர் கோழைத்தனம் என்கிறார்கள். அது ஒரு கணக்கு. முதலில் அடிப்பேன் என்று சொல்லும் நாடு எப்போதும் விரலைப் பொத்தானில் வைத்திருக்க வேண்டும். எதிரியும் அப்படியே வைத்திருப்பான். எவன் முந்துவான் என்ற பதற்றத்தில் இருவரும் இருப்பார்கள். முதலில் அடிக்க மாட்டேன், ஆனால் அடித்தால் தப்ப விடமாட்டேன் என்று சொல்லும் நாட்டுக்கு அவசரமே இல்லை. ரேடாரில் புள்ளி தெரிந்தால் பார்த்துக்கொண்டு இருக்கலாம். அது பறவைக் கூட்டமாக இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. குண்டை ஆதரித்த சுப்ரமணியமும் குண்டை வெறுத்த ராஜாஜியும் இந்த இடத்தில்தான் நெருங்கி வருகிறார்கள். தலைவர்களுக்கு யோசிக்க இடம் விட வேண்டும் என்பதை இருவரும் ஏற்றிருந்தார்கள்.

மூன்றாமவர் ஆர். சிதம்பரம். 1936-இல் சென்னையில் பிறந்தார், மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தார், பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் சேர்ந்தார். புளூட்டோனியம் கடும் அழுத்தத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிட்டவர். 1974 மே 18 சோதனைக்குப் பின்னால் அந்தக் கணக்கு இருந்தது. 1998 மே 11, 13 சோதனைகளின்போது அவர் அணுசக்தி ஆணையத் தலைவர். பாலைவனத்தில் உளவுச் செயற்கைக்கோள்களின் கண்ணை மறைக்க ராணுவ உடுப்பு போட்டுக்கொண்டு 'மேஜர் ஜெனரல் நட்ராஜ்' என்ற பெயரில் நடமாடினார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த அப்துல் கலாமுக்கு 'மேஜர் ஜெனரல் பிருத்விராஜ்' என்று பெயர். இரண்டு வாரத்தில் பாகிஸ்தான் சாகாய் மலையில் பதில் சொன்னது. சிதம்பரம் 2025 ஜனவரி 4-இல் காலமானார்.

சென்னையில் எதிர்க்குரலும் எழாமல் இல்லை. பொக்ரானுக்குப் பிறகு பத்திரிகையாளர் ஜே. ஸ்ரீராமன் அணு ஆயுதத்துக்கு எதிரான இயக்கத்தை இங்கிருந்து நடத்தினார். என். ராம் 1999-இல் ஒரு நூலே எழுதினார். பிறகு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. குண்டு வந்துவிட்டது, இனி பேசி என்ன பயன் என்று நினைத்துவிட்டோம்.

ஈ.சி.ஆரில் 70 கிலோமீட்டர்

அடையாறைத் தாண்டித் திருவான்மியூரில் ஈ.சி.ஆரைப் பிடித்தால், நகரின் மையத்திலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டரில் கல்பாக்கம். கரன்ட் எடுக்கும் அணு உலையைத்தான் அங்கே நமக்குத் தெரியும். அதே வளாகத்தில், ஒரு நீர்மூழ்கிக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கிய அணு உலையின் முன்மாதிரி தரையில் கட்டப்பட்டு ஓட்டிப் பார்க்கப்பட்டது. அந்த வடிவம்தான் ஐ.என்.எஸ். அரிஹந்துக்குள் போனது. 2009 ஜூலை 26-இல் விசாகப்பட்டினத்தில் அரிஹந்த் நீரில் இறங்கியது. முதல் ரோந்து முடிந்ததை 2018 நவம்பரில் பிரதமர் அறிவித்தார். அடுத்த கப்பல் அரிகாட் 2024 ஆகஸ்ட் 29-இல் கடற்படையில் சேர்ந்தது.

மாதக்கணக்கில் கடலடியில் ஒளிந்திருக்கும் கப்பலை எதிரியால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே நிலத்தில் உள்ளதை எல்லாம் அழித்தாலும் பதிலடி உண்டு என்று அவனுக்குத் தெரியும். 'முதலில் அடிக்க மாட்டோம்' என்ற சொல்லுக்கு முதுகெலும்பு இதுதான். ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. குண்டை ஓர் இடத்திலும் ஏவுகணையை வேறோர் இடத்திலும் பிரித்து வைப்பது இந்தியாவின் நெடுநாள் வழக்கம். இரண்டையும் சேர்க்கத் தேவைப்படும் அந்த நேரமே ஒரு பூட்டு. நீர்மூழ்கியில் அந்தப் பூட்டுக்கு இடமில்லை. குழாய்க்குள் அடைத்து எப்போதும் தயாராக நிற்கும் புதிய அக்னி ஏவுகணைகளும் அதே திசையில்தான் நம்மைத் தள்ளுகின்றன.

கல்பாக்கத்தைக் காக்கும் ஒரு காகிதமும் இருக்கிறது. ஒருவர் மற்றவரின் அணு நிலையங்களைத் தாக்கக் கூடாது என்று 1988 டிசம்பர் 31-இல் இந்தியாவும் பாகிஸ்தானும் கையெழுத்திட்டன. 1992-இலிருந்து ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் இரு நாடுகளும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போர் நடந்தது, நாடாளுமன்றம் தாக்கப்பட்டது, மும்பை எரிந்தது, புல்வாமா நடந்தது. பட்டியல் கைமாறுவது நிற்கவில்லை. 2025 ஜனவரியில் 34-ஆவது முறை. எதிரிக்கு நம்மைப் பற்றித் தெரிந்திருப்பது நமக்கே பாதுகாப்பு என்ற விவேகம் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. 1950-இல் ஐ.நா.வுக்கு எழுதிய திறந்த மடலில் இயற்பியலாளர் நீல்ஸ் போர் கெஞ்சியதும் இந்தத் திறந்த மனத்துக்குத்தான்.  

சுருங்கும் அவகாசம்

2022 மார்ச் 9-ஆம் தேதி மாலை இந்திய விமானப்படையின் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பாய்ந்தது. ஒலியைப்போல மூன்று மடங்கு வேகம். எல்லைக்கு அப்பால் நான்கு நிமிடத்துக்கும் குறைவாகப் பறந்து, 124 கிலோமீட்டர் உள்ளே மியான் சன்னு என்ற ஊரில் விழுந்தது. அதில் குண்டு இல்லை. யாரும் சாகவில்லை. தவறுதான் என்று இந்தியா அறிவித்தது மார்ச் 11-இல். ஆகஸ்டில் மூன்று அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஓர் அணு ஆயுத நாடு இன்னோர் அணு ஆயுத நாட்டுக்குள் ஏவுகணையை விட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து விளக்கம் சொன்ன சம்பவம் இது. ஏவுகணைச் சோதனைக்கு முன் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும் என்று 2005-இல் போட்ட ஒப்பந்தம் பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டும்தான். பிரம்மோஸ் குரூஸ் வகை. அந்தக் காகிதத்தில் அதற்கு வரி இல்லை. இன்று வரை அந்த ஓட்டை அடைக்கப்படவில்லை.

மூன்று ஆண்டு கழித்து, பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதற்குப் பதிலடியாக 2025 மே 7-இல் பாகிஸ்தான்மீது இந்தியாவின் ஆபரேஷன் சிந்தூர். அன்று மாலை சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் போர்க்கால ஒத்திகை நடந்தது. நம்மில் பெரும்பாலோர் அதைச் செய்தியாகப் பார்த்துவிட்டு வேலையைப் பார்த்தோம். மறுநாள் இரவு 36 இடங்களில் 300 முதல் 400 ட்ரோன்கள் வந்ததாக இந்தியா அறிவித்தது. இரண்டு அணு ஆயுத நாடுகள் ட்ரோன்களைக் கூட்டம் கூட்டமாக ஏவிச் சண்டை போட்டது அதுவே முதல் தடவை. 10-ஆம் தேதி விடியலில் ராவல்பிண்டியின் நூர் கான் விமான தளம் தாக்கப்பட்டது. பாகிஸ்தானின் அணு ஆயுதங்களை நிர்வகிக்கும் தலைமையகம் அந்தப் பகுதியில்தான். அடித்தவர் மனதில் அது சாதாரண விமான தளமாக இருந்திருக்கலாம். அடிபட்டவர் அதை எப்படிப் படிப்பார் என்பதில்தான் அபாயம். அன்று பிற்பகல் 3.35-க்குப் பாகிஸ்தான் ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர் இந்தியத் தலைமை இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்தார். 5 மணிக்குச் சண்டை நின்றது. அத்தனை நவீன ஆயுதமும் இருந்த போரில், அதை நிறுத்தியது இரண்டு அதிகாரிகள் பேசிய தொலைபேசி.

இனி வருவது இதைவிட வேகம். 2024 மார்ச் 11-இல் ஒரே அக்னி-5 இல் பல குண்டுகளைத் தனித்தனி இலக்குக்கு அனுப்பும் சோதனையை இந்தியா செய்தது. நவம்பரில் ஹைப்பர்சானிக் ஏவுகணை. சீனாவும் ரஷ்யாவும் இதில் நமக்கு முன்னே போய்விட்டன. எங்கே விழும் என்று கடைசி வரை கணிக்க முடியாத ஆயுதம் இது. எங்கே விழும் என்று தெரியாதபோது எச்சரிக்கை வந்தும் பயனில்லை. ஸ்டாக்ஹோமின் சிப்ரி நிறுவனக் கணக்கில் 2025 ஜனவரியில் உலகில் 12,241 அணு ஆயுதங்கள். இந்தியாவிடம் ஏறக்குறைய 180, பாகிஸ்தானிடம் 170, சீனாவிடம் 600. அமெரிக்காவையும் ரஷ்யாவையும் கட்டுப்படுத்திய கடைசி ஒப்பந்தத்தின் கெடு 2026 பிப்ரவரி 5-இல் முடிந்தது. மறுபடி நீட்டிக்க அதில் இடமே இருக்கவில்லை.

மனிதனுக்கு நேரம் போதாது என்றால் இயந்திரத்திடம் கொடுத்துவிடலாம் என்ற ஆசை இந்த இடத்தில்தான் பிறக்கிறது. 1983 செப்டம்பர் 26-ஆம் தேதி சோவியத் எச்சரிக்கை மையத்தில் கணினி ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகக் காட்டியது. பணியில் இருந்த ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் நம்பவில்லை. தாக்குவதென்றால் ஐந்தோடு ஏன் நிறுத்துகிறான் என்று யோசித்தார். கோளாறு என்று மேலிடத்துக்குச் சொன்னார். மேகத்தில் பட்டுத் தெறித்த வெயிலைச் செயற்கைக்கோள் ஏவுகணை என்று படித்திருந்தது. அந்தச் சந்தேகப்படும் குணத்தை எந்த நிரலில் எழுதுவது? 2024 நவம்பர் 16-இல் அமெரிக்க அதிபராக இருந்த பைடனும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவு மனிதன் கையில்தான் இருக்க வேண்டும்.

பனகல் பூங்காவுக்கு மேலே

இதையெல்லாம் வல்லரசு விவகாரம் என்று தள்ளி வைப்பவர்கள் ஒரு வட்டம் வரைந்து பார்க்க வேண்டும். ஹிரோஷிமாவில் வெடித்தது 15 கிலோடன். இன்றைய கணக்கில் அது சின்னக் குண்டு. அங்கே ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் ஆரத்துக்குள் கட்டடங்கள் அநேகமாகத் தரைமட்டம். தீ தின்றது சுமார் 11 சதுர கிலோமீட்டர். அதே குண்டு பனகல் பூங்காவுக்கு மேலே வெடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பாண்டி பஜார், உஸ்மான் சாலை, ரங்கநாதன் தெரு, மாம்பலம் ரயில் நிலையம், ஜி.என். செட்டி சாலை, ராஜாஜி குடியிருந்த பசுல்லா சாலை, கோடம்பாக்கத்தின் ஒரு பகுதி எல்லாம் அந்த முதல் வட்டத்துக்குள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே எத்தனை ஜனம் இருக்கும் என்று தி.நகருக்குத் துணி எடுக்கப் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீக்காயத்துக்கு இந்த நகரம் நம்பியிருப்பது கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் பிரிவை. ஒரு பெரிய தீ விபத்துக்கே அங்கே படுக்கை திண்டாட்டம். ஹிரோஷிமாவில் மருத்துவர்களிலும் செவிலியர்களிலும் பெரும்பாலோர் இறந்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். 1945 முடிவதற்குள் அங்கே மாண்டவர்கள் ஏறக்குறைய 1,40,000 பேர். இப்படி ஒன்று நடந்த பிறகு எந்த அரசும் எந்த ஊரையும் காப்பாற்ற முடியாது. நடக்காமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் காப்பு.

கேட்க வேண்டிய நான்கு

குண்டே வேண்டாம் என்று நினைப்பவர்கள் இதை வாசிப்பவர்களில் இருப்பார்கள். குண்டு இருப்பதால்தான் தூங்குகிறோம் என்று நினைப்பவர்களும் இருப்பார்கள். இரு தரப்பும் சேர்ந்து கேட்கக்கூடியவை என்று நான் நம்புவது நான்கு.

ஒன்று, 'முதலில் பயன்படுத்த மாட்டோம்' என்ற கொள்கை உறுதியாக நிற்க வேண்டும். வருங்காலத்தில் அது சூழ்நிலையைப் பொறுத்தது என்று 2019 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் பொக்ரானிலேயே சொன்னார். அப்படி ஒரு வாக்கியம் எதிரியின் விரலையும் பொத்தானுக்கு நகர்த்துகிறது. நம் அவகாசத்தை நாமே வெட்டிக்கொள்வது அது.

இரண்டு, 2005 ஒப்பந்தத்தில் குரூஸ் ஏவுகணைகளையும் ஹைப்பர்சானிக் ஏவுகணைகளையும் சேர்க்க வேண்டும். தவறுதலாக ஏதாவது பறந்தால் அடுத்த நிமிடமே தொலைபேசி ஒலிக்க வேண்டும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். பட்டியல் பரிமாறும் இரு அரசுகளுக்கும் இது எட்டாத காரியம் இல்லை.

மூன்று, பைடனும் ஷியும் சொன்னதை இந்தியா, பாகிஸ்தான், சீனா மூன்றும் சேர்ந்து சொல்ல வேண்டும். அணு ஆயுதம் பற்றிய முடிவில் இயந்திரத்துக்கு இடமில்லை.

நான்காவது சென்னைக்கே உரியது. 2019-இல் தொடங்கிய பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் இந்த நகரம் ஒரு முனை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ட்ரோன்கள் உருவாகின்றன. அடையாற்றுக் கரையிலும் தரமணியிலும் படிக்கும் பிள்ளைகளில் பலர் நாளைக்கு இலக்கைக் கண்டறியும் நிரலையும் முடிவெடுக்க உதவும் மென்பொருளையும் எழுதப் போகிறார்கள். நாட்டைக் காக்கும் வேலை அது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவர்களுடைய பாடத்திட்டத்தில் அர்கிபோவும் பெத்ரோவும் கியூபாவின் ஆறு நாளும் இருக்க வேண்டும். தாங்கள் செய்யும் கருவி மனிதனின் அவகாசத்தைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்று கேட்கத் தெரியாத பொறியாளர், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அரைப் பொறியாளர்தான்.

83 வயதில் கடல் கடந்து போன ராஜாஜிக்கு அப்போது பதவி எதுவும் இல்லை. கையில் இருந்தது ஒரு கோரிக்கை, அதைத் தெளிவாகச் சொல்லும் மொழி. நாம் வாஷிங்டனுக்குப் போக வேண்டியதில்லை. தென் சென்னைக்கும் மத்திய சென்னைக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பாதுகாப்பு மானியக் கோரிக்கை வரும்போது அவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். சாலைக்கும் தண்ணீருக்கும் மனு கொடுப்பதுபோல இந்த நான்கையும் எழுதிக் கொடுக்கலாம். குண்டைப் பற்றிப் பேச நிபுணராக இருக்க வேண்டியதில்லை. அது விழக்கூடிய ஊரில் குடியிருந்தால் போதும்.